ஏழரையில் நின்ற அத்தை

மாத்திரைக்கும் ஏழரை உண்டா? உண்டு என்கிறார் என் அத்தை.

"சனீசுவரனாவது ஏழரை வருஷம் ஆனால் தானே இறங்கிப் போய்விடுவான். இந்த ஏழரை மில்லிகிராம் என்னை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறதே, கண்ணு!" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

இந்தப் பேச்சு நடந்த இடம் திருப்பருத்திக்குன்றம். காஞ்சீபுரத்துக்குப் போய்ப் பட்டுப்புடவை வாங்கி, காமாட்சியையும் வரதராஜரையும் தரிசித்துத் திரும்புகிற நம்மில் பலர் இந்த ஊரை எட்டிப் பார்ப்பதே இல்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்தைத் தாண்டி, வேகவதி ஆற்றைக் கடந்தால் ஜினகாஞ்சி என்ற பழம்பெயருள்ள இந்தச் சிற்றூர் வந்துவிடும். அங்கே திரைலோக்கியநாதர் கோயில் என்று ஒரு சமணக் கோயில் இருக்கிறது. அதன் சங்கீத மண்டபத்தை 1387ஆம் ஆண்டு வாக்கில் கட்டியவர் விஜயநகர அரசின் மந்திரி இருகப்பர். விதானம் முழுவதும் தீர்த்தங்கரர்களின் வரலாறு வண்ண ஓவியங்களாக விரிந்திருக்கிறது. கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்க்கலாம்.

அத்தைக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீடு. மாமா தறிக்காரர். அத்தை கையால் சுற்றிய தார் என்றால் நூல் சிக்காது என்று தெருவில் பேர். அந்தக் கைக்குத்தான் முடக்குவாதம் வந்தது.

முதலில் காலையில் எழுந்ததும் விரல் மடங்கவில்லை. பிறகு மணிக்கட்டு வீங்கியது. தலை பின்னிக்கொள்ளக் கை எழும்பவில்லை. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். டாக்டர் இரத்தம் சோதித்து, வியாதியின் பேரைச் சொல்லி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டும் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் அத்தை எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டாராம். "புள்ளிக் கோலம், கண்ணு. பதினைந்து புள்ளி!" என்று இன்றைக்கும் சொல்லிப் பூரிக்கிறார்.

வாசகிகளே, இந்தக் கட்டுரை அந்தப் பதினைந்து புள்ளிக் கோலத்தைப் பற்றியது அல்ல. அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றியது. ஸ்டீராய்டைத் தொடங்குவது சுலபம். அதை விட்டு இறங்குவதுதான் பாடு. உங்கள் வீட்டிலும் முடக்குவாதத்துக்கோ, லூபஸுக்கோ, குடல் அழற்சிக்கோ இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர் யாராவது இருக்கலாம். அவர்களுக்காகத்தான் அத்தையிடம் அனுமதி வாங்கி இதை எழுதுகிறேன்.

நாலாம் நாள் அதிசயம்

அத்தைக்கு நடந்த அதிசயம் உலகத்துக்கு முதலில் நடந்தது 1948ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற வைத்தியசாலையில் முடக்குவாதத்தால் படுத்துவிட்ட ஒரு பெண் இருந்தாள். வயது 29. எந்த மருந்தும் கேட்கவில்லை.

அங்கே பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டருக்கு நெடுநாளாக ஒரு யோசனை இருந்தது. முடக்குவாதக்காரர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தால் மூட்டு வலி குறைகிறது. பெண்கள் கர்ப்பமானாலும் பலருக்கு வலி விலகி நிற்கிறது. அப்படியானால் உடம்பே ஏதோ ஒரு நிவாரணப் பொருளைச் சுரக்கிறது என்று அவர் ஊகித்தார். அவருடைய சகாவான எட்வர்டு கெண்டல் அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்திருந்த ஒரு பொருளை அந்தப் பெண்ணுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். நாலாம் நாள் அவள் எழுந்து நடந்தாள். ஒரு வாரத்துக்குள் கடைவீதிக்கே போய்வந்தாள்! அந்தப் பொருள்தான் கார்டிசோன். 1950இல் ஹெஞ்ச், கெண்டல் இருவருக்கும் ஸ்விட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. கார்டிசோனைப் போல் ஐந்து மடங்கு வீரியமுள்ள பிரெட்னிசோன் வகை மாத்திரைகள் 1955இல் கடைக்கு வந்தன.

ஆனால் பரிசு வாங்கிய கையோடு சிக்கலும் தெரிந்துவிட்டது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறது. நிறையக் கொடுத்தால் முகம் பூரிக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு தேய்கிறது, கண்ணில் புரை விழுகிறது. நோயை அடக்கப் போதுமான அளவு, உடம்பைக் கெடுக்காத அளவு, இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான் அன்றிலிருந்து இன்று வரை டாக்டர்கள் செய்கிற கம்பிமேல் நடை.

எடுப்புச் சாப்பாடும் அணைந்த அடுப்பும்

அத்தைக்கும் முகம் பூரித்தது. கல்யாண வீட்டில் யாரோ, "என்ன, நல்லா தேறிட்டீங்களே!" என்றார்கள். இன்னொருத்தி, "அது தேறினதில்லை, மாத்திரை வீக்கம். அந்த மாத்திரை விஷம். தூக்கி எறிங்க" என்றாள். அத்தை வீட்டுக்கு வந்து, அப்படியே தூக்கி எறிந்துவிட்டார். டாக்டரிடம் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து வாந்தி. எழுந்து நின்றால் தலை சுற்றல். கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஊசியும் சலைனும் ஏற்றிய பிறகே கண் திறந்தார்.

ஏன் இப்படி ஆயிற்று? நம் சிறுநீரகங்களின் தலைமேல் குல்லாய் வைத்ததுபோல் இரண்டு அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்புக்குத் தினமும் வேண்டிய கார்ட்டிசாலைச் சுரப்பவை அவை. ஏறக்குறைய ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமமான அளவு. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு போடும், அட்ரினல் சுரக்கும்.

இப்போது ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு மாதக்கணக்கில் மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு வருகிறது. வீட்டு அடுப்பை ஏன் மூட்ட வேண்டும்? அடுப்பு அணைகிறது. விறகு தீர்கிறது. பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். திடீரென்று ஒருநாள் எடுப்புக்காரர் வரவில்லை என்றால் வீடு பட்டினிதான். மாத்திரையாக வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி உத்தரவு போடுவதை விட்டுவிடும். அட்ரினல் தூங்கிச் சுருங்கிவிடும். அதை எழுப்பாமல் மாத்திரையை நிறுத்தினால் உடம்புக்கு அன்றாடச் சாப்பாடே கிடையாது.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகம் கண்ணீரோடுதான் கற்றுக்கொண்டது. மாதக்கணக்கில் கார்டிசோன் சாப்பிட்டு வந்த ஒரு முடக்குவாத நோயாளிக்கு இடுப்பில் ஆபரேஷன். அதற்கு முன்பு மருந்தை நிறுத்தினார்கள். ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். சோதித்தபோது அட்ரினல் சுரப்பிகள் சுருங்கியிருந்தன. 1952இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் இதை வெளியிட்டது. படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து பிறந்ததுதான்.

மூன்று நாலு வாரத்துக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை. அதற்கு மேல் சாப்பிட்டவர்கள் டாக்டர் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்தவே கூடாது.

அத்தை மறைத்த இரண்டு மாத்திரை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அத்தை ஒழுங்காகக் குறைத்து வந்தார். இருபது, பதினைந்து, பத்து என்று மளமளவென்று இறங்கிற்று. ஏழரையில் ஒரு மாதம். பிறகு ஐந்து. ஐந்துக்கு வந்த இரண்டாவது வாரம் விரல் கணுக்கள் மறுபடி சிவந்து வீங்கின. டாக்டர் ஏழரைக்கு ஏற்றினார். சில மாதம் பொறுத்து மறுபடி ஐந்து. அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வளைகாப்பு வந்தது.

"வந்தவங்க எதிரே கையை மடக்கிக்கிட்டு உட்கார முடியுமா, கண்ணு? பெண்ணுக்கு ஒரு வளையல் போட்டுவிட விரல் வேணாமா?" என்றார் அத்தை. ஆகவே யாருக்கும் தெரியாமல் தினம் இரண்டு மாத்திரை கூடப் போட்டுக்கொண்டார். வளைகாப்பு நடந்தது. ஐந்து வகைச் சித்திரான்னமும் அவர் கையால்தான். அடுத்த வாரம் பழைய அளவுக்கே சட்டென்று இறங்கினார். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை. சர்க்கரையும் ஏறிவிட்டது. டாக்டர் மறுபடி ஏழரை என்று எழுதினார்.

"நான் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லவில்லை. நோயே முற்றிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். நீயும் யாரிடமும் சொல்லாதே!" என்று சங்கீத மண்டபத்தின் தூணில் சாய்ந்துகொண்டு அத்தை என்னிடம் சொன்னார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அத்தையைக் கீழே தள்ளியது மாத்திரை மட்டும் அல்ல, வெட்கமும்தான் என்று புரிந்தது. பரீட்சையில் தோற்ற குழந்தை மார்க் ஷீட்டை ஒளிப்பதுபோல், மறுபடி ஏழரைக்குப் போனதை அவர் ஒளித்துக்கொண்டிருந்தார்.

சறுக்கல் மூன்று வகை

அத்தையைச் சமாதானப்படுத்தி அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் திட்டவே இல்லை. "இதை முன்பே சொல்லியிருந்தால் என் கணக்கே வேறாக இருந்திருக்குமே, அம்மா!" என்றார். பிறகு ஒரு காகிதத்தில் மூன்று கோடு போட்டு விளக்கினார். அதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

முதல் வகை, நோய் திரும்புவது. மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்கும். தொட்டால் சுடும். காலை விறைப்பு விலக நெடுநேரம் ஆகும். இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற அளவுகள் பெரும்பாலும் ஏறும். இதற்கு டாக்டர் அளவைக் கொஞ்சம் ஏற்றலாம். அல்லது மெத்தோட்ரெக்ஸேட் போன்ற அடிப்படை மருந்தைப் பலப்படுத்தலாம். ஸ்டீராய்டு என்பது முட்டுக்கொடுக்கும் கழி. கூரையைத் தாங்க வேண்டியது அந்த அடிப்படை மருந்தே.

இரண்டாவது வகை, பழக்கம் விடுகிற வலி. அளவைக் குறைத்த சில நாளில் உடம்பு வலி, அசதி, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் வரும். ஆனால் புதிதாக வீக்கம் இராது. உடம்பு பழைய அளவைக் கேட்டு அடம் பிடிக்கிறது, அவ்வளவுதான். பலருக்குப் பொறுத்துப் போனால் தணிந்துவிடும். தாங்க முடியாவிட்டால் முந்திய படியில் சற்று நின்று, இன்னும் சிறிய படியாக இறங்குவார்கள்.

மூன்றாவது வகைதான் அபாயம். அது அட்ரினல் தூங்குவது. ஓயாத களைப்பு, பசியின்மை, வாந்தி, வயிற்று வலி, எழுந்தால் மயக்கம், எடை குறைவு. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. வாந்தியும் மயக்கமும் சேர்ந்து வந்தால் 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய், "இவர் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்" என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றும்.

சுரப்பி விழித்ததா இல்லையா என்று பார்க்கவும் வழி உண்டு. காலை எட்டு, ஒன்பது மணிக்குள், அன்றைய மாத்திரையைச் சாப்பிடுவதற்கு முன் இரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் அளவைப் பார்ப்பார்கள். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது என்று கொள்ளலாம். 5க்குக் கீழே என்றால் இன்னும் நல்ல தூக்கம். மாத்திரையைத் தொடர்ந்து, சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்கச் சுரப்பியியல் சங்கங்கள் 2024இல் வெளியிட்ட நெறிமுறையிலும் இந்தக் கணக்கே இருக்கிறது. சிலருக்குச் சுரப்பி விழிக்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். அத்தைக்கு வந்த அளவு இரண்டுக்கும் நடுவே இருந்தது. "பாதி விழித்திருக்கிறது, புரண்டு படுக்கிறது" என்று சிரித்தார் டாக்டர்.

பத்திலிருந்து கீழே ஏன் இத்தனை நிதானம் என்பது இப்போது புரியும். இருபதிலிருந்து பதினைந்துக்கு இறங்கும்போது எடுப்புச் சாப்பாடு மிஞ்சிக் கிடக்கிறது. ஐந்துக்குப் பக்கத்தில் வரும்போதுதான் வீட்டு அடுப்பை மூட்ட வேண்டியிருக்கிறது. ஈர விறகு உடனே பிடிக்காது. அதனால்தான் ஏழரையிலும் ஐந்திலும் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

நிற்பவர்கள் எத்தனை பேர்? 2020இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு ஆராய்ச்சி வந்தது. வேறொரு மருந்தால் முடக்குவாதம் நன்கு அடங்கியிருந்த 259 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு தினம் ஐந்து மில்லிகிராமைத் தொடர்ந்தது. மற்றொரு பிரிவு நாலு வாரத்துக்கு ஒரு மில்லிகிராமாகக் குறைத்து நிறுத்தியது. குறைத்தவர்களில் நூற்றுக்கு 65 பேருக்கு நோய் கிளம்பாமல் அடங்கியே இருந்தது. தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு. அதாவது, குறைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் இறங்கிவிட்டார்கள். மாத்திரையை விடாதவர்களில்கூட எல்லோருக்கும் நோய் அடங்கியிருக்கவில்லை. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் நான் மட்டும் இல்லை!" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் குரலில் ஒரு தெம்பு கேட்டது.

அறுந்த இழை

மாமா அதிகம் பேசமாட்டார். அன்று வீட்டுக்குத் திரும்பியபோது தறியில் இருந்தார். பாவில் ஒரு இழை அறுந்தது. தறியை நிறுத்தினார். அறுந்த முனையைத் தேடி எடுத்து, அதே நிறத்தில் ஒரு துண்டு இழையைப் பிணைத்து, அச்சில் கோத்து, மறுபடி நாடாவை ஓட்டினார்.

"இழை அறுந்தால் புடவையையே அறுத்துப் போடுவோமா? அறுந்தது தெரியாமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால்தான் நஷ்டம்" என்றார், தலையை நிமிர்த்தாமலே. அத்தைக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா தெரியவில்லை. அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததும் அதுவே. ஐந்திலிருந்து ஏழரைக்குத் திரும்பியது தோல்வி அல்ல. அறுந்த இழையைப் பிணைக்கத் தறியை நிறுத்திய நேரம். மறைத்துக்கொண்டு மேலே நெய்வதுதான் கெடுதல். தானாக நிறுத்துவதும் மறைப்பே, தானாக ஏற்றிக்கொள்வதும் மறைப்பே.

வீட்டிலிருப்பவர்களுக்கு

வியாதி ஒருவருக்குத்தான். ஆனால் மாத்திரையைக் குறைப்பது குடும்பமே சேர்ந்து செய்கிற காரியம். அத்தை வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

தினசரிக் காலண்டரில் அன்றன்றைய அளவை மருமகள் எழுதிவைக்கிறாள். பக்கத்திலேயே காலை விறைப்பு எத்தனை நிமிஷம், எந்த மூட்டு வீங்கியது, தூக்கம் எப்படி என்று ஒரு வரி. இதுதான் டாக்டரிடம் பேசுகிறது. அத்தை மறந்தாலும் காலண்டர் மறப்பதில்லை.

மாத்திரை காலையில், ஆகாரத்துக்குப் பிறகு. உடம்பு தானே சுரக்கும் வேளையும் காலையே. இரவில் சாப்பிட்டால் தூக்கம் கெடும். உப்பையும் இனிப்பையும் குறைத்து, கேழ்வரகும் கீரையும் மோரும் சேர்க்கிறார்கள். எலும்புக்கு டாக்டர் எழுதிய சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டி-யும் தவறுவதில்லை.

கல்யாணம், பண்டிகை, வெளியூர்ப் பிரயாணம் நெருங்கும்போது புதிதாகக் குறைப்பதில்லை. குறைக்கும் தேதியை டாக்டரைக் கேட்டு முன்னே பின்னே வைத்துக்கொள்கிறார்கள். வளைகாப்புக்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இரண்டு திருட்டு மாத்திரைக்கு வேலையே இருந்திருக்காது!

கடும் ஜுரம் வந்தால், ஆபரேஷன் என்றால், பல் பிடுங்குவதென்றால்கூட முதலில் ஸ்டீராய்டு விஷயத்தைச் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் உடம்புக்கு வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படலாம். எவ்வளவு என்பதை டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரையின் பேரும் அளவும் எழுதிய சீட்டு அத்தையின் சுருக்குப்பையில் எப்போதும் இருக்கிறது. நிறுத்திய பிறகும் ஒரு வருஷமாவது அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

"மூட்டு வலிக்குக் கைகண்ட பொடி" என்று பேரில்லாத பொட்டலம் கொடுப்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டையே கலந்திருப்பது இந்தியாவில் பல தடவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முன்வாசலில் இறக்கிய சுமையைக் கொல்லைவாசல் வழியே ஏற்றிக்கொள்ளலாமா?

கடைசியாக ஒன்று. "இன்னுமா குறையவில்லை?" என்று யாரும் அத்தையைக் கேட்பதில்லை. "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்கிறார்கள். வார்த்தை ஒன்றுதான் மாறியது. அத்தை ஒளிப்பதை விட்டுவிட்டார்.

குரா மரத்தடியில்

சென்ற மாதம் மறுபடி திருப்பருத்திக்குன்றம் போனோம். கோயில் பிராகாரத்தில் மேடைமேல் ஒரு குரா மரம் நிற்கிறது. தன் அளவுக்கு மேல் அது வளர்வதும் இல்லை, குறைவதும் இல்லை என்று ஊரில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு, பழம்பாட்டும் உண்டு. அத்தைக்கு இது தெரியும். எனக்குத்தான் புதிது.

அத்தையின் டாக்டர் இப்போது ஒரு நாள் ஏழரை, ஒரு நாள் ஐந்து என்று போட்டிருக்கிறார். அது அத்தையின் கணக்கு. உங்கள் கணக்கை உங்கள் டாக்டர்தான் போட வேண்டும். அடுத்த மாதம் எல்லா நாளும் ஐந்தாகலாம். ஆகாமலும் போகலாம்.

"ஆகாவிட்டால்?" என்று கேட்டேன்.

அத்தை மரத்தை அண்ணாந்து பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். ஐந்தும் மடங்கின.

"ஆகாவிட்டால் இன்னும் ஒரு மாதம் இங்கேயே நிற்கிறது. அவரவர் அளவு அவரவருக்கு, கண்ணு. வா, பேத்தி எழுந்திருப்பாள். அவளைத் தூக்க இந்தக் கை போதும்" என்று சொல்லிவிட்டு, என் தோளைப் பிடிக்காமலே படி இறங்கினார்.